யாழ்ப்பாணக் கடற்கரையில் இராத்தங்க: எங்கே, எப்போது, ஆரைக் கேட்டு

கொழும்பில் வேலை செய்யும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: ஆவணியில் கனடாவிலிருந்து மச்சான்மாரும் மச்சாள்மாரும் வருகிறார்கள், எல்லாமாக ஆறு பேர். நல்லூர்த் திருவிழா பார்த்த கையோடு, வாகனம் போகாத ஒரு கடற்கரைக்கு நடந்தோ வள்ளத்திலோ போய், ரென்ற் அடித்து ஓர் இரவு தங்க ஆசை. நெடுந்தீவா, மணற்காடா, இல்லை கச்சதீவு, பாலைதீவு மாதிரி ஆளே இல்லாத தீவா? பயமில்லாமல் இருக்கலாமா? தண்ணி, சாப்பாடு எல்லாம் எப்படி?

தம்பி, இடத்தைச் சொல்ல முன்னம் ஒன்றைச் சொல்லவேண்டும். எங்கள் பக்கத்தில் ஆளில்லாத கடற்கரை என்று ஒன்று கிடையாது. பகல் பதினொரு மணிக்குப் போய்ப் பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் வெறும் மணலும் அடம்பன் கொடியும்தான் தெரியும். ஆனால் அந்த மணலில் பெரும்பகுதி ஒருவருடைய கரைவலைப் பாடு, அதாவது கடலில் வளைத்த வலையைக் கரையில் நின்று இழுக்கும் இடம். அந்தப் பாட்டுக்கு வலையின் சொந்தக்காரராக ஒரு சம்மாட்டி இருப்பார், வலை வளைக்க ஒரு முறை இருக்கும், அதை நம்பிப் பத்திருபது குடும்பம் இருக்கும். இதை நான் பட்டுத்தான் அறிந்தேன்.

போர் முடிந்து இரண்டு மூன்று வருடத்தில், நாலு சிநேகிதர்களோடு வடமராட்சி கிழக்கில் முதன்முதலாகத் தங்கினோம். பொழுதுபடப் போய்ச் சேர்ந்ததால் நல்ல சமதரையாக இருந்த இடமாகப் பார்த்து ரென்றை அடித்தோம். அந்த இடம் ஏன் அவ்வளவு சமதரையாக இருக்கிறது என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. விடியப்புறம் நாலு மணிக்கு உழவு இயந்திரத்தின் வெளிச்சம் நேரே ரென்றுக்குள் விழுந்தது. அப்போது பல பாடுகளில் கரைவலைக் கயிற்றை இழுத்தது உழவு இயந்திரம்தான். நாங்கள் படுத்திருந்தது அது ஏறி இறங்கும் தடத்தில். சாரதி கண்டு நிறுத்தியிராவிட்டால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். சம்மாட்டி இறங்கி வந்து, “ஆரைக் கேட்டுத் தம்பியவை இதில படுத்தனீங்கள்?” என்று மட்டும் கேட்டார். பதில் சொல்ல வாய் வரவில்லை. ரென்றைக் கழற்றி மேலே கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்து, அவர்களோடு சேர்ந்து கயிற்றைப் பிடித்தோம். வலையின் மடி கரைக்கு வந்தபோது விடிந்துவிட்டது. மடி நிறையச் சூடை மீன். வெளிக்கிடும்போது ஒரு பை நிறைய அள்ளித் தந்து, “அடுத்தமுறை வாடிக்கு வந்து சொல்லிப்போட்டுப் படுங்கோ” என்றார்.

அதற்குப் பிறகு சாரணப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எத்தனையோ இரவு அந்தக் கரைகளில் தங்கிவிட்டேன். ஒருமுறைகூட வாடிக்கு, அதாவது கரைவலைக்காரர் கரையில் தங்கும் கொட்டிலுக்கு, போய்ச் சொல்லாமல் ரென்ற் அடித்ததில்லை. நீங்கள் கேட்ட எல்லாக் கேள்விக்கும் பதிலின் பாதி இதற்குள் இருக்கிறது. நல்ல தண்ணி எங்கே, எந்த இடத்தில் குளிக்கலாம், இண்டைக்குக் காற்று எப்படித் திரும்பும், இரவில் ஆருக்காவது ஏலாமல் வந்தால் ஆரிடம் வாகனம் இருக்கிறது என்பதெல்லாம் அந்த வாடியில் இருப்பவர்களுக்குத் தெரியும். அவர்களுடைய கண்படும் தூரத்தில், அவர்களுடைய தொழிலுக்குக் குறுக்கே நில்லாமல் தங்குங்கள். நீங்கள் தேடுகிற தனிமை அங்கேயே தாராளமாகக் கிடைக்கும்.

இனி இடம். யாழ்ப்பாணத்தில் எந்தக் கரை நல்லது என்பதைத் தீர்மானிப்பது காற்று. வைகாசி தொடக்கம் புரட்டாதி மட்டும் சோளகம், அதாவது தென்மேல் காற்று. ஐப்பசிக்குப் பிறகு மழையோடு வாடைக்காற்று. சோளகம் பாக்குநீரிணைப் பக்கத்தைக் குழப்பும். குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் போகும் படகு அந்தக் காலத்தில் ஆடுகிற ஆட்டம் தீவாருக்குத் தெரியும். காற்று கூடினால் படகுச் சேவையே நின்றுவிடும். ஆனால் அதே சோளகத்தில் வடமராட்சி கிழக்குக் கரை குளம் மாதிரிக் கிடக்கும். காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசுவதால் அந்தப் பக்கம் அலை எழும்பாது. கரைவலைக்காரர் சோளகக் காலத்தை நம்பியிருப்பதும் இதனால்தான். ஆகவே ஆவணியில் வருகிற உங்களுக்கு நெடுந்தீவு சரிவராது, கிழக்குக் கரைதான். வாடைக் காலத்தில் இரண்டு பக்கமும் வேண்டாம். 2004 மார்கழி 26ஆம் திகதி சுனாமி அந்தக் கரையை என்ன செய்தது என்பதற்கு உடுத்துறை நினைவாலயம் சாட்சி. அது காற்றால் வந்ததல்ல என்றாலும், நிலம் அதிர்ந்தாலோ கடல் வழக்கமில்லாமல் உள்வாங்கினாலோ சாமானைப் பார்க்காமல் உயரமான மணற்திட்டுக்கு ஓடவேண்டும் என்பதை வருகிறவர்களுக்கு முதலே சொல்லி வையுங்கள்.

கச்சதீவும் பாலைதீவும் மனதில் இருந்தால் எடுத்துவிடுங்கள். அந்தோனியார் திருவிழாவுக்கு, ஒழுங்கு செய்த படகில், அனுமதியோடு போய்வருகிற இடங்கள் அவை. கச்சதீவு இரண்டு நாட்டுக் கடல் எல்லையோரம் கிடக்கிறது. ஆரோ ஒருவர் வள்ளத்தில் கொண்டுபோய் விடுகிறேன் என்று சொன்னாலும் ஏறவேண்டாம். சுண்டிக்குளம் 1938 முதல் பறவைகள் சரணாலயம், 2015 முதல் தேசிய பூங்கா. வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் அங்கே இராத்தங்க முடியாது. காரைநகர் கசூரினாவும் வேலணைச் சாட்டியும் பகலில் குடும்பமாகப் போய்க் குளித்துவிட்டு வரும் இடங்கள், நீங்கள் கேட்கிற அமைதி அங்கே இல்லை.

உங்களுக்கு நான் சொல்வது மணற்காட்டுக்கும் அதற்குத் தெற்கே அம்பன், குடத்தனைக் கரைக்கும் இடைப்பட்ட பகுதி. வல்லிபுர ஆழ்வார் கோயில் கடல் தீர்த்தத்துக்கு மணலுக்குள்ளால் நடந்து போயிருந்தால் அந்த மணல் எப்படியென்று உங்கள் காலுக்குத் தெரியும். வெள்ளை மணற்குன்றுகள், சவுக்கங்காடு, மணல் மூடிய பழைய அந்தோனியார் கோயிலின் சுவர்கள். ஊர் வரைக்கும் வாகனம் போகும், அங்கிருந்து கரையோரமாக நடை. பொருபொருவென்ற மேட்டு மணலில் நடந்தால் ஒரு மணித்தியாலத்தில் களைத்துப்போவீர்கள். அலை நனைத்துவிட்டுப் போன இறுகிய மணலில், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தால் பாரத்தோடும் இலகு. மூன்று மணிக்கு முன் தொடங்க வேண்டாம், மணல் கொதிக்கும். போய்ச் சேர ஆறு மணிக்குப் பிந்தவும் வேண்டாம். வெளிச்சம் இருக்கும்போதே இடத்தைப் பார்த்து, வாடிக்குப் போய்ச் சொல்லி, ரென்றை அடித்து முடித்துவிட வேண்டும்.

அனுமதி விஷயத்தில் சோம்பல் பட வேண்டாம். இந்தக் கரைகளில் கடத்தலைப் பிடிக்கக் கடற்படை இரவிரவாக ரோந்து போகும். இருட்டில் கடற்கரையில் வெளிச்சம் தெரிந்தால் வந்து பார்ப்பார்கள், அது அவர்களுடைய வேலை. ஆறு பேரின் பெயர், அடையாள அட்டை அல்லது கடவுச்சீட்டு இலக்கம், தங்கும் திகதி, இடம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி நாலு பிரதி எடுங்கள். கிராம சேவகருக்கு ஒன்று, பொலிசுக்கு ஒன்று, பக்கத்துக் கடற்படை முகாமுக்கு ஒன்று, உங்கள் கையில் ஒன்று. கடற்றொழிலாளர் சங்கத் தலைவரை நேரில் கண்டு கதையுங்கள். அவர் வேண்டாம் என்று சொன்னால் காரணம் இருக்கும், அடுத்த ஊருக்குப் போங்கள். கனடாப் பிள்ளைகளுக்கு இது தேவையில்லாத அலைச்சலாகத் தெரியலாம். இரவு பதினொரு மணிக்கு ரோச் லைற் வெளிச்சத்தில் விளக்கம் சொல்வதைவிட இது சுகம்.

அடுத்தது, நான் விட்டுப்போக முடியாத விஷயம். நாகர்கோவில், முகமாலைப் பக்கமெல்லாம் நீண்ட காலம் போர் முன்னரங்காக இருந்த நிலம். வருடக்கணக்காக மிதிவெடி அகற்றியிருக்கிறார்கள். ஆனாலும் மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகையோ மஞ்சள் நாடாவோ கண்டால் அதற்கு அப்பால் ஓர் அடி வைக்கக்கூடாது. குறுக்குவழி என்று பற்றைக்குள் இறங்க வேண்டாம். ஊர்ச்சனம் நடக்கிற தடத்தாலும் அலை நனைக்கிற மணலாலும் மட்டும் போங்கள். காற்று மணலை அள்ள அள்ளப் பழைய இரும்பு வெளியில் தெரியும். துருப்பிடித்த எதையும் காலால் தட்டக்கூடாது, தூக்கக்கூடாது. இடத்தை நினைவு வைத்துக்கொண்டு 119க்குச் சொல்லுங்கள். தீ மூட்டுவதும் இதோடு சேர்ந்ததுதான். மேட்டு மணலில் கிடங்கு வெட்டித் தீ மூட்டினால் அதற்குக் கீழே என்ன புதைந்திருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. பெருக்குத் தண்ணி வந்துபோகிற ஈர மணலுக்குச் சற்று மேலே, ஊர்க்காரர் ஏற்கெனவே அடுப்பு மூட்டிய கரித்தடம் உள்ள இடத்திலேயே மூட்டுங்கள். சவுக்கங்காட்டுக்குள் தீக்குச்சிகூட உரசக்கூடாது. சருகு மெத்தை மாதிரிக் கிடக்கும், சோளகத்தில் ஒரு பொறி போதும்.

ரென்ற் அடிக்கும் இடத்தைத் தெரிவதற்கு அடம்பன் கொடியைப் பாருங்கள். அந்தக் கொடி எதுவரை படர்ந்து இறங்கியிருக்கிறதோ, அதற்கு மேலே இந்தக் காலத்தில் அலை வராது. எங்கள் கடலில் வத்துக்கும் பெருக்குக்கும் வித்தியாசம் ஒரு மீற்றர்கூட இல்லை. ஆகவே கொடிக்கு மேலே பத்துப் பதினைந்து அடி போதும். கொடியைப் பிடுங்கி இடம் துப்புரவாக்க வேண்டாம். அதுவும் இராவணன் மீசைப் புல்லும்தான் அந்தக் குன்றுகளைப் பிடித்து வைத்திருக்கின்றன. அந்த மீசைப் புல்லின் முனை ரென்றின் அடித்துணியை ஊசி மாதிரிக் குத்தும், கீழே தறப்பாள் ஒன்று விரித்தால் தப்பலாம். உழவு இயந்திரத் தடம், கயிறு கட்டும் கட்டைகள், வள்ளம் இழுத்து ஏற்றும் இடம் மூன்றையும் விட்டு விலகுங்கள். தென்னை, பனைக்குக் கீழேயும் வேண்டாம். சோளகத்தில் காவோலை சொல்லிக்கொண்டு விழாது.

ரென்றோடு வரும் சின்ன முளைகள் இந்த மணலில் ஒரு மணித்தியாலம் நிற்காது. நான் செய்வது இது: அரிசிப் பையோ உரப் பையோ ஆறு கொண்டுபோவேன். தோண்டலாம் என்று வாடியில் காட்டிய இடத்தில் மட்டும் முழங்கால் ஆழத்துக்குக் கிடங்கு தோண்டி, பையில் மணலை நிரப்பி வாயைக் கட்டி, ரென்றுக் கயிற்றைப் பையின் நடுவில் சுற்றிக் கட்டி, கிடங்குக்குள் கிடத்தி மூடி மிதிப்பேன். மேலே ஒரு குடம் கடல் தண்ணியை ஊற்றினால் மணல் இறுகிவிடும். எந்தச் சோளகத்துக்கும் அது அசையாது. ரென்றின் முதுகு குன்றுப் பக்கம், வாசல் கடல் பக்கம். காற்று நிலத்திலிருந்து வருவதால் வாசலை மறுபக்கம் வைத்தால் விடியும்போது படுக்கையில் ஒரு சுளகு மணல் இருக்கும். அடுப்பு வாசலுக்கு முன்னே, கடலை அண்டி, ரென்றிலிருந்து ஒரு பத்து அடியாவது தள்ளி. பொறி பறந்தால் கடலுக்குத்தான் போகும்.

இதே காற்றுத்தான் குளிப்பவர்களுக்கு எமன். கடல் அமைதியாகக் கிடக்கிறதே என்று காற்றடித்த மெத்தை, ரியூப், பந்து ஏதாவது கொண்டு இறங்கினால் சோளகம் அதைக் கடலுக்குத் தள்ளிக்கொண்டே போகும். அதன் பின்னால் நீந்திப்போன ஆள் திரும்பி வருவது அருமை. மிதக்கிற சாமான் ஒன்றும் கொண்டுபோக வேண்டாம், பந்து போனால் போகட்டும். இடுப்பளவுக்கு மேல் வேண்டாம், இருட்டிய பிறகு தண்ணிக்குள் இறங்கவே வேண்டாம். நீரோட்டம் இழுத்தால் அதோடு மல்லுக்கட்டாமல் கரைக்கு இணையாக நீந்தி விலகுங்கள். கால் வைக்கும்போது தூக்கி வைக்காமல் மணலில் அரைத்து அரைத்து நடந்தால் புதைந்து கிடக்கும் திருக்கை விலகிப் போய்விடும். குத்திவிட்டால் பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீருக்குள் காலை வைத்துக்கொண்டு வைத்தியசாலைக்குப் போகவேண்டும்.

தண்ணி ஆளுக்கு ஐந்து லீற்றர், குறையவே கூடாது. ஆறு பேருக்கு முப்பது லீற்றர் என்பது நடைக்குப் பெரிய பாரம். அதனால் ஐந்து லீற்றர் கான்களாகப் பிரித்து ஆளுக்கொன்று தூக்குங்கள். கடற்கரைச் சனம் மணற்திட்டுக்குப் பின்னால் பூவல் தோண்டி நல்ல தண்ணி எடுப்பதைக் காண்பீர்கள். நாலைந்து அடி தோண்டினாலே தண்ணி ஊறும், உப்பில்லாமல் இருக்கும். மழைத்தண்ணி மணலுக்குள் இறங்கி, கனமான உப்புத்தண்ணிக்கு மேலே மெல்லிய படையாக நிற்பதுதான் அது. அந்தப் படை எவ்வளவு மெல்லியது என்று விளங்கினால் அதில் சவர்க்காரம் போட்டுக் குளிக்க மனம் வராது. கேட்டு, முகம் கழுவ ஒரு வாளி அள்ளலாம். மலசலத்துக்கு முடிந்தால் பக்கத்து வீடொன்றில் கேட்டு ஒழுங்கு செய்யுங்கள், மச்சாள்மாருக்கு அதுதான் வசதி. ஏலாவிட்டால் பூவலுக்கும் வாடிக்கும் எதிர்ப்பக்கமாக நன்றாகத் தள்ளி, ஏற்கெனவே ஆட்கள் நடமாடும் நிலத்தில், சாண் ஆழத்தில் குழி தோண்டி மூடுங்கள். கடுதாசியைப் பையில் திருப்பிக் கொண்டுவாருங்கள்.

பாம்புக்குப் பயந்து போகாமல் விட வேண்டாம். ஆனால் எச்சரிக்கை வேண்டும். யாழ்ப்பாணத்து மணற்பாங்கில் சுருட்டை இருக்கிறது, எட்டடி விரியனும் இருக்கிறது. எட்டடி விரியன் இரவில் நிலத்தில் படுத்திருப்பவரைக் கடிக்கும், கடித்த இடம் நோவதுகூடக் குறைவு. வெறும் பாயில் வெளியில் படுப்பது அழகுதான், ஆனால் நான் பிள்ளைகளை விடுவதில்லை. சிப்பைப் பூட்டி ரென்றுக்குள்ளே படுக்க வேண்டும். இரவில் எழும்பினால் ரோச் லைற், காலையில் சப்பாத்தை உதறிவிட்டுப் போடுவது. கடித்தால் கீறவோ இறுகக் கட்டவோ கூடாது, காலை அசைக்காமல் 1990க்கு அழைக்க வேண்டும். பருத்தித்துறை ஆதார வைத்தியசாலைதான் கிட்ட. ரென்ற் அடித்த இடத்தில் போன் வேலை செய்கிறதா என்று வெளிச்சத்திலேயே பாருங்கள். இல்லையென்றால் எந்த மேட்டில் வேலை செய்கிறது என்று ஆறு பேருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இரவுச் சாப்பாட்டுக்கு நூடில்ஸ் பக்கெற் கொண்டுபோகாதீர்கள், தம்பி. கனடாவிலிருந்து வந்த பிள்ளைகளுக்குக் கடற்கரையில் ஒடியற்கூழ் காய்ச்சிக் கொடுங்கள். ஒடியல் மாவை, அதாவது காய்ந்த பனங்கிழங்கு மாவை, வீட்டிலேயே தண்ணியில் ஊறவிட்டு, மேல் தண்ணியை இரண்டு மூன்று தரம் வடித்துக் கசப்பை எடுத்துவிட்டு, ஒரு மூடிப்போட்ட பாத்திரத்தில் கொண்டுபோங்கள். பயத்தங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி எல்லாம் வெட்டின கையோடு. செத்தல் மிளகாயும் மஞ்சளும் அரைத்த கூட்டு ஒரு போத்தலில், பழப்புளி ஒரு உருண்டை. மீனும் நண்டும் இறாலும் கரையிலேயே காசு கொடுத்து வாங்குங்கள், பேரம் பேச வேண்டாம். ஒரு பிடி அரிசியோடு கிழங்கும் கொட்டையும் அவிந்த பிறகு மீன் வகை, அது வெந்த பிறகு கூட்டும் புளியும், கடைசியாக ஒடியல் மாவைக் கரைத்து விட்டுத் துழாவ வேண்டும். தடிக்கத் தொடங்கும்போது ஒரு பிடி முருங்கையிலையைப் போட்டு இறக்குங்கள். பலாவிலையைக் கோலி ஈர்க்கால் குத்தினால் கோப்பையும் கரண்டியும் அதுதான். விறகுக்குப் பொச்சுமட்டையும் ஊமலும் ஊரிலிருந்து ஒரு பை கொண்டுபோகலாம், ஊமல் கரி நின்று எரியும். கூழ் காய்ச்சினால் வாடிக்கு ஒரு சட்டி கொடுத்தனுப்ப மறக்க வேண்டாம்.

சாப்பிட்ட பிறகு தீயை அணைத்துவிட்டு, லைற்றையும் நிறுத்துங்கள். ஆமை முட்டையிடக் கரையேறும் கரைகள் இவை, வெளிச்சம் கண்டால் திரும்பிப் போய்விடும். ஏறிவிட்டால் கிட்டப் போகாமல், படம் எடுக்காமல் இருந்து பாருங்கள். ஆமையையும் முட்டையையும் தொடுவது சட்டப்படியும் குற்றம். பாட்டுப் பெட்டி வேண்டாம், குடியும் வேண்டாம். தொழிலுக்குப் போகிறவர்கள் நித்திரை கொள்ளும் நேரம் அது. அமாவாசையை அண்டிய நாளாகப் பார்த்தால் பால்வீதி தலைக்கு மேலே தெரியும். ஆவணியில் நடுச்சாமம் ஆகும்போது கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் நேரே கடலுக்குள்ளிருந்து எழும்பும். ஒரு மணித்தியாலம் அதைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்த பத்து வயதுப் பிள்ளை ஒன்று, “சேர், அது நனைஞ்சு வருதா?” என்று கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது.

நெடுந்தீவு ஆசை இருந்தால் மாசி, பங்குனியில் இன்னொரு பயணம் வையுங்கள். கடல் அமர்ந்திருக்கும். குறிகட்டுவானிலிருந்து ஏறக்குறைய ஒரு மணித்தியாலப் படகு. திரும்பும் கடைசிப் படகு பிற்பகலோடு போய்விடும் என்பதால் இராத்தங்குபவர் தங்குவதாகவே திட்டமிட்டுப் போகவேண்டும். அங்கே நிலம் சுண்ணக்கல்லும் பவளக்கல்லும், முளை இறங்காது, கயிற்றைக் கல்லில்தான் கட்டவேண்டும். வரட்சியில் குதிரைகளே தண்ணி இல்லாமல் செத்துப்போகிற தீவு அது. தண்ணியை முழுதாகக் கொண்டுபோங்கள், அங்கத்தைய கிணறுகளில் கை வைக்காதீர்கள். ஊரில் ஒரு வீட்டில் சொல்லி, அவர்கள் காட்டும் வளவில் தங்குவது நல்லது. தனிப்பட வள்ளம் பிடிப்பதென்றால், பயணிகளை ஏற்ற அனுமதி உள்ள படகா, ஆறு பேருக்கும் உயிர்காப்பு அங்கி இருக்கிறதா என்று பார்த்துவிட்டே ஏறுங்கள்.

ஆவணிப் பயணத்தில் விடியப்புறம் நாலு மணிக்கு உழவு இயந்திரச் சத்தம் கேட்டால் எல்லாரையும் எழுப்புங்கள். வலை வளைக்கும் வள்ளம் அரைவட்டமாகப் போய் மறுகயிற்றைக் கரைசேர்ப்பதைப் பார்க்கலாம். கேட்டுவிட்டுக் கயிறும் பிடிக்கலாம். பிறகு மணல் பைகளைத் தோண்டி எடுத்துக் கொட்டி, கிடங்குகளை மூடி, அடுப்புக் கரியைத் தண்ணி ஊற்றி ஆறவிட்டு, குப்பையைப் பையில் கட்டி, சம்மாட்டிக்குச் சொல்லிவிட்டு வெளிக்கிடுங்கள். ஏழு மணிக்குள் நடக்கத் தொடங்கினால் மணல் கால் சுடமுன் ஊருக்குள் வந்துவிடலாம்.